மூன்று இடத்தில் குத்திப் பார்த்த புத்தகம்

லாரியிலிருந்து இறங்கும் நெல்மூட்டையில் மேலே ஒரு குத்து, நடுவே ஒரு குத்து, அடியில் ஒரு குத்து. கீழ்வேளூரை அடுத்த ஓர் அரிசி ஆலையில் நாகநாதன் இருபத்தாறு ஆண்டுகளாகச் செய்துவரும் வேலை இதுதான். குழிந்த முனையுடைய குத்தூசியைச் சாக்கில் செருகி இழுத்தால் உள்ளங்கையில் ஒரு பிடி நெல் சரியும். அதில் இரண்டு மணிகளைப் பல்லிடை வைத்துக் கடிப்பார். ஈரம் இவ்வளவு, அரைகுறையாய் முற்றிய கருக்காய் இவ்வளவு, பதர் இவ்வளவு என்று அவர் சொன்ன பிறகுதான் இயந்திரத்தில் வைத்துப் பார்ப்பார்கள். இயந்திரம் பெரும்பாலும் அவர் வழிக்கே வந்துவிடும்.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆயினும் யாப்பைத் தாமே கற்றார். மாலையில் கோயிலுக்குப் போய், சந்நிதியில் நின்று, பதிகம் ஒன்றை முழுமையாகப் பாடாமல் வீடு திரும்பியதில்லை. பத்துப் பாட்டும் பாடி, பாடியவர் தம் பெயரைப் பொறித்துப் பயன் சொல்லும் பதினோராம் பாட்டையும் பாடினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். காய்ச்சலில் குரல் கட்டிய நாளிலும் வாய்க்குள் முணுமுணுத்தாவது முடித்திருக்கிறார்.

இவ்வளவு நிறைவைக் கடவுளுக்குக் கொடுத்தவர், மனிதர் எழுதிய நூல்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. அவர் கதை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

கிளை நூலகத்தில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு வாசகர் வட்டம் கூடும். ஆறு ஆண்டுகளாக அதில் நாகநாதன் பேசாத கூட்டம் இல்லை. ‘அண்மையில் வாசித்தவை’ என்று தலைப்பிட்டு இரண்டு மூன்று நூல்களைப் பற்றிச் சொல்வார். நூலகர் ஷோபனா அதைத் தட்டச்சு செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார், வாட்ஸ்அப்பிலும் அனுப்புவார். கருத்துகள் சுருக்கமானவை. கடலோரத்து நாவல் ஒன்றைப் பற்றி, “முதல் நூறு பக்கம் காற்று அடிக்கிறது, அதன் பிறகு ஆசிரியர் விசிறுகிறார்” என்றார். வாய்க்கால்களின் வரலாற்றை எழுதிய பொறியாளர் ஒருவரைப் பற்றி, “எழுதத் தெரியாதவர், பொய் சொல்லவும் தெரியாதவர், வாங்கலாம்” என்றார். வளைகுடாவுக்குப் போனவனின் துயரைச் சொல்லும் நாவலுக்கு, “கதாநாயகன் அழவேண்டிய இடத்திலெல்லாம் எழுதியவர் முந்திக்கொண்டு அழுதுவிடுகிறார்” என்று ஒரே வரி. நாகூரில் தையற்கடை வைத்திருக்கும் ஷேக் பரீத் இந்த ஒரு மணி நேரத்துக்காகவே பஸ் ஏறி வருவார். உரக்கடைத் தியாகராசன், நாகநாதன் சொல்லாத புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குவதில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

தொடக்கத்தில் எல்லாவற்றையும் ஒழுங்காகப் படித்தவர்தான். பெயர் பரவப் பரவப் புத்தகங்கள் குவிந்தன. தஞ்சாவூரிலிருந்தும் பட்டுக்கோட்டையிலிருந்தும் எழுதியவர்களே அனுப்பினார்கள். கண்ணும் பழைய கண்ணாக இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், தடித்த நாவல் ஒன்றை முதலில் நான்கு பக்கம், நடுவில் நான்கு பக்கம், கடைசியில் நான்கு பக்கம் படித்துவிட்டுப் போய்ப் பேசினார். முழுதும் படித்திருந்த ஷோபனா, “அப்படியே என் மனசுல இருந்ததைச் சொல்லிட்டீங்க சார்” என்றார். அன்றிலிருந்து அது பழக்கமாயிற்று. ஒரு மூட்டையில் இருப்பது ஒரே வயலின் நெல்தானே, ஒரு புத்தகத்தில் இருப்பது ஒரே மனிதரின் மனந்தானே என்று தமக்குத்தாமே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

அந்தப் புரட்டாசிக் கூட்டத்தில் நீலாம்பாள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வயது அறுபதை நெருங்கும். முப்பது பருவம் நடவுக் கூட்டத்தை நடத்திய அனுபவத்தை, அறிவொளி வகுப்பில் கற்ற எழுத்தைக் கொண்டு நோட்டில் எழுதினார். அரசுப் பள்ளி ஆசிரியையான மகள் செம்மொழி அதை ‘முப்பது நடவு’ என்னும் நூலாக அச்சிட்டிருந்தாள். முதற்பிரதியை நாகநாதனுக்கு அவரே கொடுத்திருந்தார்.

முகத்துக்கு நேரே உண்மை சொல்பவர் என்ற பெயரைக் காப்பாற்றவேண்டிய தருணமாக அது நாகநாதனுக்குத் தோன்றியது. எழுந்தார்.

“முன்னாடி மேடைப் பேச்சு. நடுவுல வெறும் பேர்ப் பட்டியல். கடைசியில நன்றி. மூட்டையா இருந்தா நூத்துக்கு அறுபது பதர்னு எழுதிக் குடுத்திருப்பேன்” என்றார்.

கூடியிருந்த மற்ற இருபத்தொரு பேரும் சிரித்தார்கள். இகழ்ந்து சிரித்தார்கள் என்று சொல்வதற்கில்லை. அவர் சொன்ன விதத்துக்குச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை நீலாம்பாள் இருந்து, “சரிங்க” என்றார். வட்டத்துக்கென்று கொண்டுவந்திருந்த பதினைந்து பிரதிகளையும் மஞ்சள் பையில் திரும்ப அடுக்கிக்கொண்டு, தேநீர் வருவதற்கு முன்பே புறப்பட்டுவிட்டார்.

ஐப்பசி முடியும் தறுவாயில் மூன்று நாள் விடாத மழை. லாரி வரவில்லை, நூலகமும் திறக்கவில்லை. ஆலைக் கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருந்த நாகநாதனின் மேசையில் இருந்த ஒரே புத்தகம் ‘முப்பது நடவு’. பொழுது போகட்டும் என்றுதான் எடுத்தார். முதல் இயல் அவர் சொன்னது போலவே மேடைப் பேச்சு. பொறுத்துக்கொண்டு தாண்டினார்.

இரண்டாம் இயலிலிருந்து ஒவ்வொரு பருவத்துக்கும் ஓர் இயல். எந்த வயல், என்ன நாற்று, வாய்க்காலில் தண்ணீர் எப்போது வந்தது என்று நாலைந்து பக்கம் எளிமையாகச் செல்லும். முடிவில் அந்தப் பருவத்தில் நடவுக்கு வந்த பெண்களின் பெயர்கள். முதற்பட்டியலில் முப்பத்துநான்கு பெயர். அடுத்ததில் முப்பத்துமூன்று. நாகநாதன் முன்பக்கத்தைப் புரட்டி ஒப்பிட்டுப் பார்த்தார். காணாமற் போன பெயர் மரகதம். அந்த இயலுக்குள், வரப்பில் பாம்பு தீண்டிய ஒருத்தியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடியது பெயரில்லாமல் வந்திருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு பட்டியலையும் அதற்கு முந்தியதோடு வைத்துப் பார்த்தார். ஒருத்தி மணமாகிப் போனாள். இருவர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். ஒருத்திக்கு இடுப்பு நிமிரவில்லை. கடைசிப் பருவங்களில் நடவு இயந்திரம் வந்தது. இன்னார் இல்லை என்று ஓரிடத்திலும் நீலாம்பாள் சொல்லவில்லை. பட்டியல் மட்டும் குறுகிக்கொண்டே வந்தது. முப்பதாம் பட்டியலில் நான்கு பெயர்கள். அதற்குக் கீழேதான் அந்த நன்றி.

ஒரு பட்டியலை மட்டும் பார்த்தால் அது பட்டியல். எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தவருக்கே அது இழப்பு என்று தெரியும். மூன்றிடத்தில் குத்தி எடுக்க முடியாதபடி அந்தப் பெண்மணி தம் துயரைப் புத்தகமெங்கும் பரப்பி வைத்திருந்தார்.

எட்டாம் இயல் நாகநாதனின் தந்தை குத்தகைக்கு எடுத்திருந்த மேலப்பங்கு வயலைப் பற்றியது. ‘அந்த வீட்டார் பானைத் தண்ணீரில் வெட்டிவேர் போட்டுக் கொடுத்தார்கள்’ என்று எழுதியிருந்தார் நீலாம்பாள். கீழே இருபத்தாறு பெயர்கள். பள்ளிப் பருவத்தில் நாகநாதன் அந்த வரப்பில் நின்றவர். குனிந்த முதுகுகளைப் பார்த்தவர். இருபத்தாறில் ஒரு பெயர்கூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அப்படிப்பட்ட பெயர்களைத்தான் படிக்காமலே ‘வெறும் பேர்ப் பட்டியல்’ என்றிருந்தார்.

அன்று மாலை சந்நிதியில் மூன்றாம் பாட்டோடு குரல் நின்றது. மறதியன்று. மேலே பாட நெஞ்சு ஒப்பவில்லை. ஒருவர் முழுதும் சொன்னதை முழுதும் கேளாத வாய், இறைவன் முன்னிலையில் பதினொன்றையும் பாடி என்ன பயன் என்று தோன்றிற்று. திருநீற்றை மட்டும் பூசிக்கொண்டு வந்துவிட்டார்.

“என்ன, இன்னிக்கு சாமிக்குப் பாட்டைக் குறைச்சுட்டீங்களாமே? குருக்கள் கேட்டாரு, உடம்பு சரியில்லையான்னு” என்றாள் மனைவி மங்களாம்பிகை.

“உடம்பு நல்லாதான் இருக்கு.”

“அப்ப வேற என்னமோ கெட்டிருக்கு. சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க.”

அவர் சாப்பிடவுமில்லை, சொல்லவுமில்லை. ஷோபனாவைத் தொலைபேசியில் அழைத்தார். நீலாம்பாளின் புத்தகத்தைப் பற்றி இன்னொருமுறை பேசவேண்டும் என்றார்.

“இப்பப் பேசி என்ன சார் ஆகப்போவுது? அந்தம்மா எழுதறதையே விட்டுட்டாங்களாம். ரெண்டாவது நோட்டு பாதியில நிக்குதுன்னு செம்மொழி டீச்சர் சொன்னாங்க. அச்சடிச்ச புக்கெல்லாம் சனிக்கிழமை பழைய பேப்பர்காரருக்குப் போவுது.”

நாகநாதன், தாம் படிக்காமல் பேசியதைச் சொன்னார். மறுமுனையில் ஷோபனா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“சார், இதை வெளியில சொல்லாதீங்க. மறுவாசிப்புல கருத்து மாறிச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பெரிய பெரிய ஆளுங்களே அப்படித்தானே எழுதறாங்க. உங்க பேரும் நிக்கும், அந்தம்மாவுக்கும் ஆறுதலா இருக்கும்.”

நல்ல வழியாகத்தான் தெரிந்தது. இரண்டு நாள் அந்த ஒரு சொல்லையே நெஞ்சுக்குள் வைத்துப் பழகிக்கொண்டிருந்தார். ஆனால் அதில் ‘மறு’ என்பது பொய் என்பது அவருக்குத் தெரியும். முதல் வாசிப்பு என்று ஒன்று நடக்கவேயில்லை.

சனிக்கிழமை காலை கடுவையாற்றுப் பாலத்தைக் கடந்து நீலாம்பாள் வீட்டுக்குப் போனார். வாசலில் நைலான் கயிறு போட்டுக் கட்டிய ஐந்து கட்டுகள் இருந்தன. கதவைத் திறந்தவள் செம்மொழி.

“நூத்துக்கு அறுபது பதர் போக மிச்சம் நாப்பது இருக்கே, அது என்னன்னு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தீங்களா சார்?”

“அம்மாவைப் பாக்கணும் டீச்சர்.”

உள்ளேயிருந்து நீலாம்பாளின் குரல் வந்தது: “வாசல்ல நிக்கவச்சுப் பேசாத. உள்ள வரச்சொல்லு, தண்ணி குடு.”

தண்ணீர்ச் செம்பைக் கையில் வாங்கிய நாகநாதன் குடிக்கவில்லை.

“அம்மா, நான் உங்க புத்தகத்தைப் படிக்கல.”

“அதான் அன்னிக்கு அவ்ளோ பேசுனீங்களே.”

“படிக்காமத்தான் பேசினேன். மூணு இடத்துல பிரிச்சுப் பாத்தேன், அவ்ளோதான். இந்த வாரந்தான் படிச்சேன். முழுசா.”

செம்மொழி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நீலாம்பாள் கையமர்த்தினார். நாகநாதனையே பார்த்துக் கேட்டார்.

“ரெண்டாவது பருவத்துல யாரு இல்ல?”

“மரகதம். பாம்பு தீண்டினது.”

“கடைசியில யாரு யாரு?”

“நீங்க, ரெத்தினம், பாக்கியம், தையல்நாயகி.”

“பதினாறாவதுல?”

நாகநாதன் தலையைக் குனிந்துகொண்டார். “குஞ்சம்மாள். பதினஞ்சு வரைக்கும் இருக்காங்க, பதினாறுல இல்ல. ஏன்னு தேடித் தேடிப் பாத்தேன் அம்மா. நீங்க எழுதல.”

முன்னே, பின்னே, நடுவே. தம்மை மூன்றிடத்தில் குத்திப் பார்த்துவிட்டார் என்பது நாகநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது.

நீலாம்பாள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். “அதை எழுத மனசு வரல. அதுக்குத்தான் ரெண்டாவது நோட்டுப் போட்டேன். குஞ்சம்மா எங்கூடவே கருக்கருவா பிடிச்சு அறுப்பறுத்தவ. நீங்க பதர்னு சொன்னதும், நம்ம எழுத்துல அவளைக் கொண்டாந்து வச்சு இன்னும் நாலு பேரு சிரிக்கணுமான்னு மூடி வச்சுட்டேன்.”

“என்னை மன்னிக்கணும்.”

“அது எங்கிட்ட இல்லைங்க. இங்க சொன்னா எனக்கும் எம்பொண்ணுக்கும் தெரியும். அன்னிக்கு சிரிச்சது இருபத்தோரு பேரு. எண்ணிப் பாத்தேன், நடவுல எண்ணிப் பழக்கம்.”

“நாளைக்குக் கூட்டத்துல சொல்றேன்.”

“பாப்போம்” என்றார். பிறகு மகளிடம், “பேப்பர்காரரை அடுத்த வாரம் வரச்சொல்லி போன் போடு” என்றார்.

மறுநாள் நூலகத்தில் வழக்கமான கூட்டம். முதல் வரிசையில் நீலாம்பாளின் நாற்காலி காலியாக இருந்தது. கடைசியில், கதவோரம், செம்மொழி மட்டும் நின்றாள். நாகநாதன் எழுந்தார். “போன மாதம் பேசின ஒரு நூலைப் பத்தி... மறுவாசிப்புல...” என்று தொடங்கினார். ஷோபனா ஆறுதலோடு தலையசைத்தார். அந்தத் தலையசைப்பைக் கண்டதும் தொடங்கிய வாக்கியத்தை விட்டுவிட்டார். சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார்.

“மறுவாசிப்பு இல்லைங்க. அன்னிக்கு நான் ‘முப்பது நடவு’ படிக்கவே இல்ல. பன்னெண்டு பக்கம் பாத்துட்டு வந்து பேசினேன். அது மட்டுமில்ல. இந்த ஆறு வருஷத்துல நூத்தி அறுபத்து நாலு நூலைப் பத்திச் சொல்லியிருக்கேன். அதுல முப்பத்தொண்ணு இப்படித்தான்.”

முதலில் வாய் திறந்தவர் தியாகராசன்.

“அப்ப நீங்க சொன்னீங்கன்னு நான் வாங்காம விட்டது? அந்த வளைகுடா கதை? எம் மச்சான் அழுதுகிட்டே குடுத்தான், படிங்க மாமான்னு. நாகநாதனே வேண்டாம்னுட்டாருன்னு திருப்பிக் குடுத்துட்டேனே.”

“அதுவும் முப்பத்தொண்ணுல ஒண்ணு.”

“நல்ல ஆளுய்யா நீங்க.”

ஷேக் பரீத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். “அளவெடுக்காமயே துணியை வெட்டியிருக்கீங்களே சார். நானாவது தப்பா வெட்டினா வேற துணி வாங்கிக் குடுத்துடுவேன்” என்றார். குரலில் கோபம் இல்லை. அதனாலேயே அது நாகநாதனுக்கு ஆழமாகத் தைத்தது.

பிறகு அவர் அந்த நூலைப் பற்றிப் பேசவில்லை. புகழ்ந்து பேசினால் அது பரிகாரத்துக்குச் செய்த புகழாகிவிடும் என்று அஞ்சினார். முப்பத்துநான்கு பெயர்களை முதற்பட்டியலிலிருந்து வாசித்தார். சற்று நிறுத்தி, முப்பதாம் பட்டியலின் நான்கு பெயர்களை வாசித்தார். “நடுவுல இருக்கிறதை நீங்க படிச்சுக்கணும். என் கருத்து இனிமே வேண்டாம்” என்று சொல்லி அமர்ந்தார். நிமிர்ந்து பார்த்தபோது செம்மொழி போயிருந்தாள்.

அறிவிப்புப் பலகையில் ‘அண்மையில் வாசித்தவை’ ஒட்டப்பட்ட இடத்தில் அந்த மாதம் முதல் வேறொரு தாள் தொங்குகிறது. குத்திப் பார்த்துச் சொன்ன முப்பத்தொரு நூல்களின் பெயர்கள். ஒவ்வொன்றையும் முழுதும் படித்து முடித்த தேதி எழுத எதிரே இடம். இதுவரை ஆறுக்குத் தேதி விழுந்திருக்கிறது. நான்கில் அவர் முன்பு சொன்னது சரியாகவே இருந்தது. அது அவருக்கு ஆறுதல் தரவில்லை. வளைகுடா நாவலில் கதாநாயகன் ஒருமுறைதான் அழுகிறான், அதுவும் நூற்றுத்தொண்ணூறாம் பக்கத்தில். எழுதியவருக்கு நாகநாதன் கடிதம் போட்டார். முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. உறையைப் பிரிக்காமல் அந்தப் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்.

வட்டத்தில் அவர் இப்போது கடைசி வரிசையில் உட்காருகிறார். எதைப் பற்றியாவது வாயெடுத்தால், “எத்தனை பக்கம் நாகநாதன்?” என்று தியாகராசன் கேட்பார். எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் பேசவேண்டும். சந்நிதியில் பதினொரு பாட்டும் மீண்டும் பாடுகிறார். ஆனால் மூன்றாம் பாட்டின் முடிவில் ஒருகணம் தயங்கிவிட்டுத்தான் நான்காவதை எடுக்கிறார்.

மார்கழி பிறந்து மூன்றாம் வாரம் செம்மொழி தன் ஸ்கூட்டியை ஆலை வாசலில் நிறுத்தினாள். அவள் கையில் காக்கி அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது.

“குஞ்சம்மா அக்கா கதை. முடிச்சுட்டாங்க. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க.”

“எங்கிட்டயா?”

“நானும் அதையேதான் கேட்டேன் சார். வேற ஆளே கிடைக்கலையாம்மான்னு. ‘மாட்டிக்கிட்ட ஆளு இனிமே ஒழுங்கா படிப்பாரு’ன்னாங்க.” சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். “நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னே எழுதணுமாம். பாவம் பாத்து ஒரு வார்த்தை கூட்டிப் போட்டா நோட்டைத் திருப்பி வாங்கிக்குவாங்களாம். புக்குக் கட்டெல்லாம் இன்னும் வீட்டுலதான் இருக்கு. அதை என்ன பண்றதுன்னு அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க.”

நாகநாதன் குத்தூசியை ஆணியில் மாட்டிவிட்டுக் கையைக் கழுவி வந்து நோட்டை வாங்கினார்.

முதற்பக்கத்தைத் திறந்தார். மீண்டும் அதே மேடைப் பேச்சு. ‘பொன்னி நதி பாயும் பூமியிலே’ என்று தொடங்கி எட்டுப் பக்கங்கள், யாருடைய குரலையோ இரவல் வாங்கி நடந்தன. முன்பானால் அங்கேயே மூடியிருப்பார். இப்போது மேலே போவது ஒன்றும் கடினமாக இல்லை. இதை எழுதியவரிடம் போய்ச் சொல்வதுதான் கடினம். ஒருமுறை அவமதித்த கையால் அவருக்கே இன்னொருமுறை குறை எழுதுவதா? புகழ்ந்துவிட்டால் தம் பாவம் கரைந்தது போல இருக்கும். அந்த ஆசை எத்தனை வசதியானது என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

நான்கு நாட்கள் படித்தார். லாரி வந்த வேளையில் எழுந்து போய் மூட்டை பார்த்துவிட்டு, விட்ட வரியிலிருந்து தொடர்ந்தார். தொண்ணூற்றாறாம் பக்கத்தின் கடைசி வரியைப் படித்ததும் மறுபடியும் ஒருமுறை முதலிலிருந்து தொடங்கி முடித்தார். பிறகு ஆலையின் சீட்டுத்தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் எழுதினார்:

‘அம்மா, தொண்ணூற்றாறு பக்கமும் இரண்டு முறை படித்தேன். முதல் எட்டுப் பக்கம் வேண்டாம். அது உங்கள் குரல் இல்லை. குஞ்சம்மாளை நான் ஒன்பதாம் பக்கத்தில்தான் பார்த்தேன், வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அங்கிருந்து தொடங்குங்கள். அதன் பிறகு ஒரு வரியையும் தொடாதீர்கள்.’

தாளை நோட்டின் எட்டாம் பக்கத்துக்கும் ஒன்பதாம் பக்கத்துக்கும் நடுவே வைத்து மூடினார். வெளியே லாரி ஒன்று வந்து நின்று ஹாரன் அடித்தது. நோட்டை மழைத்தாளில் சுற்றி, சைக்கிள் கூடையில் வைத்துவிட்டுக் குத்தூசியை எடுத்துக்கொண்டு போனார்.